அந்தப் படத்தில் இருப்பவை என் கைகள்

ஓய்வு பெற்றால் நிம்மதி வரும் என்று முதலில் சொன்ன ஆள் யாரோ, என் கையில் அகப்பட்டால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். காலையில் எழுந்தால் குன்னூர் மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன், எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. யார் வீட்டுக்காவது துக்கம் விசாரிக்கப் போனால் உட்காருவதற்கு முன்பே கண் சுவருக்கு ஓடுகிறது. மாலை போட்ட படத்தில் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். அதைப் பார்த்து முடிக்கும்வரை வீட்டுக்காரர்கள் சொல்வது என் காதில் ஏறாது. என் மனைவி இதனாலேயே என்னைத் துக்க வீடுகளுக்குக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் பழைய பழக்கத்தில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோ பக்கம் போனேன். இப்போது படவேலை எல்லாம் பார்ப்பது ஜெனிபர் என்ற பெண். கெட்டிக்காரி. தன் போனை என்னிடம் நீட்டினாள். இறந்துபோன ஒரு எஸ்டேட் டிரைவரின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோவை ஏதோ ஒரு செயலியில் போட்டாளாம், கண்மூடித் திறப்பதற்குள் முழுப் படமும் வந்துவிட்டதாம். கோட்டு, சோபா எல்லாம் இருந்தது. அந்த மனிதர் கையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை.

"கப்பு யாரும்மா கேட்டா?" என்றேன்.

"யாரும் கேக்கலண்ணா. அதுவா குடுத்துச்சு. வீட்டுக்காரங்களுக்குப் பிடிச்சிருக்கு. கையில எது இருந்தா என்னண்ணா, முகம் நல்லா வந்தா போதாதா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். எனக்குப் படிப்பு ஏறவில்லை, படம் வரைய வந்தது. ராசப்பண்ணன் ஸ்டூடியோவில் சேர்த்துவிட்டார்கள். நெகட்டிவ் மேல் பென்சில் வைத்துப் பருவை மறைப்பதில் தொடங்கினேன். பிறகு பிரிண்ட் மேல் கலர் பூசினேன். கம்ப்யூட்டர் வந்ததும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு மவுஸைப் பிடித்தேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முதுகு வலி கழுத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ராசப்பண்ணன் மேட்டுப்பாளையத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். யாராவது பழைய போட்டோவை மேசைமேல் வைத்தால் உடனே தொடமாட்டார். வந்தவரை உட்காரவைத்து, "இவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்பார். அடுத்து, "இப்ப இருக்காருங்களா?" அதற்கும் பதில் வந்த பிறகுதான் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு, "கையில என்னங்க இருக்கோணும்?" என்பார். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. கையில் எதுவும் வேண்டாம் என்று யாராவது சொன்னால், "வெறுங்கை முழம் போடுமாங்க? ஊட்டுல பேசிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு அவர்மேல் எரிச்சல் வரும். எனக்கும் வரும்.

ஆனால் மலையில் பிழைத்தவர்களுக்கு ஒவ்வொரு பொருளும் என்ன சொல்கிறது என்று நன்றாகத் தெரியும். அக்குளில் இடுக்கிய கறுப்புக் குடை என்றால் அவர் தோட்டத்தில் சூப்பர்வைசர், நாலு பேரை வேலை வாங்கியவர். சட்டைப் பையில் பேனா என்றால் கைநாட்டு வைக்காதவர். ஜெபமாலை பிடித்த கை எந்தச் சபை என்று சொல்லிவிடும். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் கையில் புத்தகம் இருந்தால் படித்த பெண் என்று அர்த்தம், ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் நாங்கள் புத்தகம்தான் கொடுப்போம். தேயிலைக் கறை விரல் நுனியில் ஏறினால் சோப்புக்கு அசையாது, புத்தகத்துக்குப் பின்னால் விரல்கள் மறைந்துகொள்ளும். கைக்கடிகாரம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். போட்டோவில் வாட்ச் கட்டியிருந்தாலும், ஆள் இல்லை என்றால் அண்ணன் அதை எடுத்துவிடச் சொல்வார். "போனவருக்கு மணி எதுக்கு?" என்பார். வாட்ச்சுக்குப் பதிலாகப் படத்தின் கீழ் மூலையில் ஒரு குத்துவிளக்கு வரும்.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நடுவட்டம் பக்கம் ஒரு குடும்பம், காலமெல்லாம் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிய அப்பாவுக்கு ஆசையாகக் குடை கேட்டது. கொடுத்தோம். கருமாதிக்கு வந்த பழைய சூப்பர்வைசர் ஒருவர் படத்தைப் பார்த்தார். "இவன் என்னைக்குய்யா குடை புடிச்சான்? மழைக்குச் சாக்குதானே போர்த்துனான்?" என்று கேட்டுவிட்டு, போட்ட இலையில் உட்காராமல் எழுந்து போய்விட்டார். மகன் அடுத்த நாளே படத்தோடு வந்து நின்றான். குடையை எடுத்துவிட்டுத் துண்டு கொடுத்தோம்.

கம்ப்யூட்டர் காலத்தில் இந்தக் கைகளுக்காக எங்களிடம் ஒரு ஃபோல்டரே இருந்தது. குடை பிடித்த கை, புத்தகம் பிடித்த கை, தடி ஊன்றிய கை, எல்லாம் போட்டோ எடுத்துச் சேமித்திருந்தோம். ஆண் கைகள் பெரும்பாலும் ராசப்பண்ணனுடையவை. பெண் கைகள் அவர் மனைவியுடையவை. அண்ணனுக்கு இடது சுண்டுவிரல் சிறுவயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த விரல். நீலகிரியில் எத்தனையோ வீட்டுச் சுவரில், யார் யாரோ செத்தவர்களுக்கு, அந்தக் கோணல் சுண்டுவிரல் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் கவனித்ததே இல்லை. நான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன், வாயை மூடிக்கொண்டு காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இனி முத்துலட்சுமி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

அவர் கூடலூருக்கு அப்பால் சேரங்கோடு பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கூடலூரில் ஸ்டூடியோ இல்லாமலா போயிற்று? அத்தனையும் தாண்டி, பஸ் மாறி மாறிக் குன்னூர்வரை வந்திருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கல்யாணப் போட்டோ ஒன்றை மேசைமேல் வைத்து, தன் பக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டார்.

"இவரை மட்டும் தனியாப் பெருசாப் போடணும் சார். விளக்கு வச்சு."

"இவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?" அண்ணன் தன் வரிசையைத் தொடங்கினார்.

"வீட்டுக்காரரு."

"இப்ப இருக்காருங்களா?"

அண்ணன் அந்தப் பொட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விளக்கு கேட்கிறவர் நெற்றியில் அந்தப் பொட்டு எப்படி என்று எங்கள் இரண்டு பேருக்குமே குழப்பம். அந்த அம்மாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"இருக்காரு சார். கேரளாவுல பத்தேரி பக்கம் வேற குடும்பமா இருக்காரு. எம்பொண்ணு நடக்கப் பழகுறப்பவே போயிட்டாரு."

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணம் கூடிவருகிறது. கோயம்புத்தூரில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளை வீடும் அங்கேதான். இதற்கு முன் இரண்டு இடம் வந்து, அப்பா எங்கே என்று விசாரித்ததும் ஒதுங்கிக்கொண்டது. இந்த முறை தரகரிடம் முத்துலட்சுமி முந்திக்கொண்டு, அவர் காலமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருகிறார்கள். வந்தால் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

"புருசன் செத்தவ பொண்ணுன்னா பாவம்னு கட்டிக்குவாங்க சார். ஓடிப்போனவரு பொண்ணுன்னா தாய்கிட்ட என்ன குறைன்னு கேப்பாங்க. நான் என்ன குறைன்னு போய்ச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆளின்மேலா, கேட்கிற சனங்களின்மேலா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் போட்டோவை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார்.

"உசுரோட இருக்கறவருக்கு வெளக்கு வெக்கறது ஆகாதுங்க அம்மிணி. என்ற கையால அதப் பண்ணமாட்டேன்."

"உங்க கையால வேணாங்க. யாரு கையாலயாச்சும் பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"விளக்கு வச்சிட்டா அப்புறம் நீங்க பொட்டு வைக்க முடியாதேம்மா" என்றேன். "கல்யாணத்துல பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கவும் விடமாட்டாங்க."

"தெரியும் சார். தாரை வார்க்க எந்தம்பியும் அவன் சம்சாரமும் நிப்பாங்க, பேசிட்டேன். பொட்டை நான் எடுத்துக்கறேன், நீங்க விளக்கை வைங்க. அவ கல்யாணத்தை நான் சமையக்கட்டுல நின்னு பாத்தாலும் கல்யாணந்தான்."

ராசப்பண்ணன் எழுந்து மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். "சாப்புட்டு வாரேன்" என்றார். அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். வாசலில் என் காதருகே குனிந்து, "வேதக்காரனுக்கு வெளக்கு என்ன பண்ணீரும்? உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நன்றாகத்தான் என் தலையில் கட்டினார். கோயிலுக்குப் போகிறவன் பயப்படுகிற காரியத்துக்குச் சர்ச்சுக்குப் போகிறவன் பயப்படமாட்டானா?

பயந்தேன். ஆனாலும் அந்த அம்மாவைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. "கையில என்னம்மா இருக்கணும்?" என்று கேட்டேன்.

போட்டோவை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணும் வேணாம் சார். போறப்ப எங்களுக்கு என்ன குடுத்துட்டுப் போனாரோ, அதுவே இருக்கட்டும்."

அவர் போன பிறகுதான் அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தது. கல்யாணப் போட்டோ பெரிதாக்கினால் தாங்காது என்று அவரிடம் போனில் சொன்னேன். கணவரின் அக்காவிடம் கேட்டு, கொஞ்சம் பிந்திய போட்டோ ஒன்றை எங்கள் ஸ்டூடியோ நம்பருக்கே வாட்ஸப்பில் அனுப்பவைத்தார். முகம் தெளிவாகக் கிடைத்தது. சிரித்த முகம். அதற்கு வெள்ளைச் சட்டை, வேட்டி, மர நாற்காலி எல்லாம் பொருத்தினேன். கைதான் இல்லை. ஃபோல்டர் முழுக்கத் தேடினேன், எல்லாக் கையிலும் ஏதாவது இருந்தது. வெறுங்கையை அண்ணன் போட்டோ எடுத்ததே இல்லை. குடையை அழித்துப் பார்த்தால் விரல்கள், இல்லாத காம்பைப் பிடித்துக்கொண்டு மடங்கி நின்றன.

கடைசியில் என் கையையே போட்டோ எடுத்தேன். உள்ளங்கை மேலே பார்த்தால் பிச்சை கேட்பதுபோல் இருந்தது. கோத்துக்கொண்டால் பெரிய மனிதர் ஜெபம் பண்ணுவதுபோல் ஆகிவிட்டது. பல தடவை எடுத்து, இரண்டு முழங்கால்மேலும் கைகளைக் கவிழ்த்து வைத்ததுதான் சரியாக வந்தது. பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திவைத்த பையன் உட்காரச் சொன்னதும் உட்காருவான் அல்லவா, அப்படி. அவர் முகத்தின் நிறத்துக்கு என் கையின் நிறத்தை இறக்கினேன். மூலையில் விளக்கை வைத்தேன். 'தோற்றம், மறைவு' என்று எப்போதும் போடும் வரியைப் போடவில்லை. விளக்கு எரிகிறது, அதற்குப் பக்கத்தில் என் கை. பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளங்கை வேர்த்தது. வேறு வேலையைத் திறப்பேன், திரும்பவும் இதற்கே வந்து நிற்பேன். இரண்டு தடவை விளக்கை அழித்துவிட்டு மறுபடி வைத்தேன்.

முத்துலட்சுமி படத்தை வாங்க வருவதாகச் சொன்னதற்கு முந்தின நாள், நல்ல மழையில் ஒருவர் ஏறி வந்தார். தலையில் துண்டு, கையில் மஞ்சள் பை. துண்டை எடுத்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நாள்கணக்கில் திரை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தவன் நான், மூக்கோரத்து மச்சம்வரை எனக்குப் பாடம். அந்த முகத்துக்குக் கொஞ்சம் வயது கூடியிருந்தது. போட்டோ அனுப்பிய அக்காவே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"சேரங்கோட்டுல இருந்து ஒரு படம் குடுத்திருக்காங்களாமே சாரே. பாக்கணும்."

திரையில் அப்போது அதுதான் இருந்தது. மறைக்க நேரமில்லை. அண்ணன் கண்ணாடி போடாமல் இருந்தார், அவருக்கு ஆள் பிடிபடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: "உட்காருங்க. இவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

அந்த மனிதர் உட்காரவில்லை. "நான்தாங்க அது" என்றார்.

மானிட்டரைத் தூக்கி எறியப் போகிறார், போலீசுக்குப் போகப் போகிறார் என்றெல்லாம் என் மனது ஓடியது. அண்ணன் கண்ணாடியைத் தேடி மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். வந்தவர் குனிந்து திரையின் அருகே போனார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது என் கை இல்லையே."

"இல்லைங்க. என் கை" என்றேன்.

"ஒண்ணும் இல்லாம இருக்கே."

"அந்த அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

அவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார். "ஏதாச்சும் குடுங்க சாரே. ஒரு பை, ஒரு பலகாரப் பொட்டலம், எதுன்னாலும் சரி. புள்ளை மாப்பிள்ளையோட வந்து இதைத்தானே கும்பிடும். வெறுங்கையோட இருக்கறவனைக் கும்பிடுமா?"

அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டவர் அந்த அம்மா, கொடுத்தவன் நான், இவர் சொல்லி மாற்ற எனக்கு என்ன உரிமை? முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன். இங்கும் அங்கும் பேச்சைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டேன்.

"அம்மா, ஸ்டூடியோவிலிருந்து பேசறேன். படத்துல கையில ஏதாச்சும் குடுக்கச் சொல்லி ஒருத்தர் வந்து கேக்கறார்."

"யாரு சார்?"

"படத்துல இருக்கறவர்."

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கொழுந்துக் கணக்குச் சொல்வதுபோல நிதானமாக வந்தது குரல்.

"செத்தவங்க வந்து கேக்கமாட்டாங்க சார். அங்க வேற யாரோ வந்திருக்காங்க. மழையில வந்திருப்பாங்க, ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்க."

போன் நின்றுவிட்டது. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கீழே கடையில் டீ சொல்லி அனுப்பினேன். வந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து குடித்தார். குடித்துவிட்டு எழுந்தார். போகிறார் என்றுதான் நினைத்தேன். வாசல்வரை போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து திரைக்கு முன்னால் நின்றார். பழகிய ஒருவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வந்தவர்போல, அந்தப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ராசப்பண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "பிரிண்ட் போட்டுரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முத்துலட்சுமியின் தம்பி வந்து படத்தை வாங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், பூ வைத்துவிட்டுப் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சிரித்த முகத்துக்காரர் இன்று இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கூடலூர் போர்டு மாட்டிய பஸ்ஸைப் பார்த்தால் இன்றும் ஜன்னல் ஜன்னலாகத் தேடுகிறேன். சேரங்கோட்டில் ஒரு வீட்டில் என் இரண்டு கைகளுக்கும் தினமும் விளக்கு எரிகிறது என்பதை நினைத்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுகிறேன்.

சில மாதம் கழித்து முத்துலட்சுமி கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வெறும் நெற்றி, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பத்திரிகை வைத்தார். படம் நன்றாக இருப்பதாகச் சம்பந்தி வீட்டில் சொன்னார்களாம். தண்ணீர் கேட்டுக் குடித்தார். போக எழுந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு வந்தவங்க டீ குடிச்சாங்களா சார்?"

"குடிச்சாரும்மா."

"சக்கரை தூக்கலாப் போடணும்" என்றார். "இல்லாட்டிப் பாதியில வச்சிருவாரு."